நடு ரோட்டில் ஒரு பூசணிக்காய்

போன வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரியவர் என்னைத் திட்டினார்.

"ஏம்ப்பா டிரைவர், ஆறு மணிக்கு வரணும்னா அஞ்சரைக்கே கிளம்பத் தெரியாதா உனக்கு? ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. இன்னும் ஒரு வாய் காபி குடிக்கலை நான்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? நான் டிரைவர்தான். ரத்த டெஸ்டுக்காக வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்தவரை முக்கால் மணி நேரம் காக்க வைத்ததும் நான்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால்... அவர் மடியில் இந்தப் பத்திரிகைதான் விரிந்து கிடந்தது. இதே பக்கம். மேலே என் போட்டோ. அது பதினைந்து வருஷத்துக்கு முந்தின போட்டோ என்பதால் தப்பித்தேன்.

வாராவாரம் ஊருக்கு உபதேசம் எழுதுகிறவன் எப்படி டிரைவர் ஆனான்? சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதில் முதல் கார் வாங்கினேன். அதுவரை பஸ், ஆட்டோ, மெட்ரோ. "பெங்களூர்ல கார் வாங்கறவன், நிறுத்த இடம் தேடியே கிழவனாயிடுவான்" என்று முப்பது வருஷமாக வீறாப்புப் பேசிக்கொண்டிருந்த ஆள் நான். என் மனைவி விமலாவுக்கு முட்டி வலி வந்தது. மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போவதற்கே ஆட்டோ தேவைப்பட்டது. வீறாப்பு போயிற்று, கார் வந்தது.

வந்த மூன்றாம் வாரமே ஆயுத பூஜை. இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சிட்டி பஸ்ஸிலிருந்து தண்ணீர் லாரி வரைக்கும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஓடும். மர்பி டவுனில் எங்கள் தெரு முனையில் அன்று சாயங்காலம் வண்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்து வீட்டு முனிரத்னத்தின் ஆட்டோ, ஒரு கேப், தண்ணீர் கேன் போடுகிறவரின் டெம்போ, நாலைந்து பைக், கடைசியில் என் கார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து எல்லாவற்றுக்கும் மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டிக்கொரு பூசணிக்காய்.

பூசணிக்காயின் தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் கொஞ்சம் சில்லறையும் போடுவது வழக்கம். என்னிடம் பத்து ரூபாய்க் காயின்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் அதை வாங்க மாட்டார்கள். "செல்லும்ப்பா, கவர்மெண்ட் காயின்" என்று சட்டம் பேசினால், "அப்போ கவர்மெண்ட்டுக்கே குடுங்க சார்" என்பார்கள். அதனால் டிப்ஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நான் அதைத்தான் தள்ளிவிடுவது. அன்றைக்கும் அதில் ஒன்றை எடுத்துப் பூசணிக்காய்க்குள் போட்டேன். திருஷ்டி என்ன, வேண்டாம் என்றா சொல்லப் போகிறது?

மற்றவர்கள் உடைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். நான்தான் கடைசி. கார் ஓட்டுவதில் கற்றுக்குட்டி என்றாலும் பூசணிக்காய் உடைப்பதில் குறை வைக்கக் கூடாது என்று தலைக்கு மேலே தூக்கி, சரியாக நடு ரோட்டில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அருமையாகச் சிதறியது.

"ஓரமா உடைச்சிருக்கலாம் இல்ல? அதை எடுத்துத் தள்ளுங்க, யாராவது வழுக்கி விழப் போறாங்க" என்றாள் விமலா.

"காலையில பெருக்க வருவாங்க."

"நாளைக்கு அவங்களுக்கும் லீவு."

"எல்லாம் வருவாங்க. நீ ஏறு."

இத்தனைக்கும் போன வருஷம் இதே பத்தியில் நான் என்ன எழுதினேன்? 'நம் வண்டிக்குத் திருஷ்டி கழிப்பதற்காக அடுத்தவன் வண்டியைச் சாய்க்கிறோமே, இது என்ன பக்தி?' என்று கேட்டு முக்கால் பக்கத்துக்குப் பொரிந்து தள்ளினேன். நீங்கள்கூடப் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அப்போது என்னிடம் கார் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மறுநாள் விஜயதசமி. காலை ஆறு மணி. காபியை வாயில் வைக்கிறேன், வெளியே தடால் என்று சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தால், தெரு முனையில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறாள் கலா.

கலா எங்கள் தெருவின் கடைசி வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. விடிந்தும் விடியாமலும் கிளம்பி, பத்து மணிக்குள் பத்துப் பன்னிரண்டு வீடு முடித்துவிடுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்குச் சுகர் பார்க்க வருவதும் அவள்தான். ஊசி குத்தியதே தெரியாது. என்ன வீடானாலும் சிரித்த முகம்.

அன்றைக்குச் சிரிப்பில்லை. இடது மணிக்கட்டை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் என்ன கேட்டாள் தெரியுமா?

"சார், அந்த பாக்ஸ் உடைஞ்சிருக்கா பாருங்க. நம்ம தெருவுலயே ஒரு வீடு எடுத்துட்டேன். அந்தம்மாவை மறுபடியும் குத்த முடியாது, நரம்பே கிடைக்காது பாவம்."

பாக்ஸ் உடையவில்லை. மணிக்கட்டுதான் வீங்கிக்கொண்டிருந்தது.

ரோட்டில் டயர் இழுத்துக்கொண்டு போன தடம். தடம் ஆரம்பித்த இடத்தில் குங்குமச் சிவப்பில் நசுங்கிக் கிடந்தது பூசணிக்காய். நான் போட்ட இடம். சந்தேகத்துக்கே வழியில்லை.

கூட்டம் கூடிவிட்டது. முனிரத்னம் ஓடி வந்தார். "யாருப்பா அது, நடு ரோட்டுல உடைச்சது? அறிவு வேணாம்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார். அந்த முனையில் முந்தின நாள் உடைந்தவை எட்டு ஒன்பது இருக்கும். உடைத்தவர்கள் எல்லாரும் மற்றவர்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தேன். பதில் நாக்கு நுனியில் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விழுங்கிவிட்டேன்.

முனிரத்னம்தான் அவளை ஆட்டோவில் ஏற்றினார். ஏறுவதற்கு முன்னால் கலா குனிந்து, அந்தச் சகதியிலிருந்து எதையோ எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தோடு விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எலும்பில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டு, விரல்களை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். ரத்தம் எடுக்கலாம். ஸ்கூட்டர் மட்டும் நாலு வாரத்துக்குத் தொடக் கூடாது. ஆனால் ஸ்கூட்டர் இல்லாமல் பத்து வீடு எப்படிப் போவது? லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் வரவில்லை என்றால் அந்த ஏரியாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வராது. மூன்று வருஷமாக ஒவ்வொரு வீடாக அவள் சேர்த்த ஏரியா. திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறோம் என்றார்களாம்.

ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆப்பிளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம். எங்கள் தெருச் சங்கம் தசரா முடிந்ததும் வருஷா வருஷம் வைப்பது. நடுவர் நான். தலைப்பு ஒரு மாதம் முன்பே முடிவாகியிருந்தது. என்ன தலைப்பு என்கிறீர்கள்? 'சாலைப் போக்குவரத்து சமுதாயத்துக்கு வரமா, சாபமா?'

விதி இப்படித்தான் நமக்கென்று தலைப்புக் கொடுக்கும்.

எல்லா நடுவர்களையும் போல நானும் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். 'அளவோடு இருந்தால் வரம், அளவு மீறினால் சாபம்.' யாருக்கும் நோகாது. கைதட்டல் நிச்சயம்.

'சாபம்' அணிக்குத் தலைவர் யார்? ஆட்டோ ஓட்டுகிற முனிரத்னம். 'வரம்' அணிக்கு? கலா. கழுத்திலிருந்து தொங்கும் கட்டுக் கையோடு மேடை ஏறினாள். "முடியலைன்னா வேற ஆளைப் போடலாமேம்மா" என்றேன்.

"வாய் நல்லாத்தான் சார் இருக்கு."

முனிரத்னம் ஆரம்பித்தார். "முப்பது வருஷமா இந்த ரோட்டுலயே கிடக்கறேன். வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்துனா கருப்பா வருது. டாக்டர், சிகரெட்டை நிறுத்துன்றார். நான் எப்ப பிடிச்சேன் நிறுத்த? பின்னாடி ஆம்புலன்ஸ் கத்துது. வழி விட ஆசைதான், எங்க விடறது? மரத்தை வெட்டி ரோட்டை அகலம் பண்ணாங்க. எவ்வளவு அகலமாச்சோ அவ்வளவு வண்டி வந்துடுச்சு. பசங்க முன்ன தெருவுல கிரிக்கெட் ஆடுனாங்க, இப்ப மாடியில உக்காந்து போன்ல ஆடறாங்க. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறதுக்கு ஜனங்க ஆட்டோ கேக்கறாங்க குரு, நெஜமாத்தான். நானே கொண்டு போய் விட்டிருக்கேன்."

நல்ல கைதட்டல். எனக்கே சாபம்தான் ஜெயிக்கும் போலிருந்தது.

கலா எழுந்தாள். "அண்ணன் சொன்னது எல்லாம் நிஜம். ஆனா என் பொண்ணு பொறக்கறதுக்கு வலி எடுத்தப்போ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது இதே அண்ணனோட ஆட்டோதான். அன்னைக்கு அவர் சாபம் அணியில இல்லை."

முனிரத்னமே சிரித்துவிட்டார்.

"ஸ்கூட்டர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் பண்ணேன். போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். என் பொண்ணு தூங்கறதை மட்டும்தான் அப்ப பார்த்திருக்கேன். வண்டி வந்தப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தேன். இப்ப அவ ஸ்கூல்லருந்து வர்றப்ப கதவைத் திறக்கறது நான். கட்டிலை விட்டு எந்திரிக்க முடியாதவங்க இந்த ஊர்ல எத்தனை பேர் தெரியுமா? அவங்களால லேபுக்கு வர முடியாது. ரோடு இருக்கறதாலதான் லேப் அவங்க கட்டிலுக்குப் போகுது."

கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

"இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா வரம்னு பேசறேன்னு கேக்கறாங்க. ரோடு என்னைத் தள்ளலை. நடு ரோட்டுல ஒருத்தர் போட்டுட்டுப் போனது தள்ளிடுச்சு. ரோட்டு மேல எனக்குக் கோவம் இல்லை."

யார் மேல் கோபம் என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

தீர்ப்புச் சொல்ல எழுந்தேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். 'அளவோடு இருந்தால் வரம்...' முதல் வரிசையில் விமலா. மூன்று நாளாக இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும், திட்டாத மனைவியைப் பார்த்தால்தான் பயம் வரும். தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

"நடு ரோட்டுல பூசணிக்காய் உடைச்சது நான்தான்."

மைக்கில் சொன்னேன். ஆரம்பித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது.

அதற்கப்புறம் சொன்னது எதுவும் எழுதி வைத்ததில்லை. சாலை வரம்தான் என்றேன். அதன் வழியாகக் காய்கறி வருகிறது, வேலை வருகிறது, கலா வருகிறாள். இதில் எனக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. ஆனால் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று தராசில் வைக்கும்போது நாம் எல்லாருமே ஒரு கேள்வியை விட்டுவிடுகிறோம். நன்மை யாருக்கு? தீமை யாருக்கு? கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசியில் போவது நான் — புகையைக் குடிப்பது சிக்னலில் நிற்கிற போலீஸ்காரர். நடைபாதையில் காரை ஏற்றி நிறுத்துவது நான் — ரோட்டில் இறங்கி நடப்பது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற தாய். திருஷ்டி கழிந்தது என் காருக்கு — மணிக்கட்டு போனது கலாவுக்கு. வரத்தை வாங்கிக்கொண்டவனே அதன் பாரத்தையும் சுமந்தால் சரி. அடுத்தவர் தலையில் தள்ளிவிட்டுப் போனால், எத்தனை மேம்பாலம் கட்டினாலும் அது சாபம்தான்.

"அப்போ எங்க அணிதான் ஜெயிச்சுது, எழுதிக்கோங்க" என்றார் முனிரத்னம். கூட்டம் சிரித்தது. நான் இறங்கிப் போய்க் கலாவுக்கு முன்னால் நின்றேன்.

"மன்னிச்சிடும்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார். அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றாள். "சரி, காலையில அஞ்சே முக்காலுக்கு உங்க கார் என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

"சும்மாதான் நிக்கும்."

"நாளைக்கு முதல் வீடு அல்சூர்."

இப்படியாகத்தான் நான் டிரைவர் ஆனேன்.

நாலு வாரம். சனி ஞாயிறுகூட லீவு கிடையாது. விமலா ஐந்து மணிக்கே எழுப்பிவிடுவாள், ஒரு நாள்கூட மறக்காமல். சந்தோஷமாக எழுப்பினாள் என்றே சொல்ல வேண்டும்.

ஸ்கூட்டர் இரண்டு நிமிஷத்தில் நுழைந்து வெளியே வருகிற சந்துக்குள் கார் போனால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எதிரே பால் வண்டி. பின்னால் ஸ்கூல் வேன். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் நான். "சார், என் ஸ்கூட்டரா இருந்தா இந்நேரம் நாலாவது வீடு" என்பாள் கலா, குத்திக் காட்டுகிற தொனியே இல்லாமல். ஒரு நாள் முனிரத்னம் ஆட்டோவில் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி டிரைவர் சார்" என்று, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொல்லிக் கன்னடத்தில் கத்திவிட்டுப் போனார்.

இரண்டு பேருக்காக அவ்வளவு பெரிய கார். முன்னால் நிற்கிற காரில் ஒரே ஒருவர். அவருக்கு முன்னால் நிற்பதிலும் அப்படித்தான். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து 'என்ன ஜாம்டா இது' என்று அலுத்துக்கொள்கிறோம். அன்றைக்குப் பூசணிக்காயைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் பார்த்தோமே, அதே முகங்கள்.

ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். அல்சூரில் ஒரு அம்மா, படுத்த படுக்கை. கலாவின் குரல் கேட்டதும் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொள்வார். மல்லேஸ்வரத்தில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கிற ஒருவர். ரத்தம் எடுத்து முடிந்ததும் கலா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். இதெல்லாம் இந்த நாற்றமடிக்கிற, குண்டும் குழியுமான ரோட்டில் போய்த்தான் நடக்கிறது. முனிரத்னம் என்ன சொன்னாலும் சரி, என் ஓட்டு ரோட்டுக்குத்தான்.

அந்த ரிச்சர்ட்ஸ் டவுன் பெரியவரிடம்கூட எனக்காகப் பேசினாள். "டிரைவர் நல்லவர்தான் அங்கிள். வழியில தண்ணி லாரி குறுக்கே நின்னுடுச்சு."

"நல்லவனா இருந்து என்ன? நேரத்துக்கு வரணும்ல" என்றார்.

நியாயம்தானே?

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் கட்டுப் பிரிப்பதாக இருந்தது. காலையில் கடைசி ட்ரிப். பத்தரை மணிக்கு அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஏரியா போகவில்லை, ஒரு வீடுகூட விடவில்லை. கலா இறங்கினாள். இறங்கியவள் குனிந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"இந்தாங்க சார், டிப்ஸ்."

உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய்க் காயின். விளிம்பில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குச் சகதியிலிருந்து அவள் எடுத்தது தோடு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ரத்தம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அவள் கையில் நான் வைத்தது இதைத்தானே...

"இந்தத் தெருவுல இதைக் குடுக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான் சார்."

"அப்போ... விழுந்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்."

சொல்லிவிட்டு, பாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் காயினை டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் காருக்குத் திருஷ்டி படாமல் இருக்க இனி அது போதும்.